ஒரு கட்டைதானே, மாப்ள

ஆல்ட்டன்ரோட்
செவ்வாய்க்கிழமை

பச்சைமரம் ஒன்பது கட்டை ஆட்டச் சங்கத்தின் தலைவரும், என் தாயாரின் ஒரே சகோதரரும், இந்த ஊரின் பாதிக் கூரைகளுக்கு ஓடு மாட்டியவருமான ஒட்மார் மாமா அவர்களுக்கு,

கட்டை நன்றாக விழட்டும். சங்கத்தார் ஒருவருக்கொருவர் எழுதும்போது இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. விதியை மீறும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. உங்கள் முழங்கால் வீக்கம் வடிய வேண்டும். வால்ட்ராவுட் அத்தையின் முட்டைகோசுப் பாத்தியை நத்தைகள் விட்டுவைக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். அம்மா உங்களோடு பேசுகிறாள். நான் பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் இரண்டு வீடுகளுக்கும் நடுவே தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகை ஒன்றுதான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து சொன்னால் போதும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் நீங்கள் பேசுவீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக உங்கள் எதிரில் நான் ஒரு வாக்கியத்தை முடிக்கப் போகிறேன்.

வாக்கியம் இதுதான். நான் சங்கத்தை விட்டு விலகுகிறேன்.

லிம்பாக் சங்கத்தார் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் சனிக்கிழமை, அதுவும் அவர்களோடுதான். அதை உங்களுக்கு ஆடிக்கொடுத்துவிடுகிறேன். அதன் பிறகு என்னை விடுவித்துக் கையெழுத்துப் போடுங்கள். தலைவர் கையெழுத்து இல்லாமல் எந்தச் சங்கமும் அடுத்த சங்கத்து ஆளைச் சேர்த்துக்கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரியும். காரணமும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் அது நடந்த விதம் வேறு, நீங்கள் அதைப் பச்சைமரம் மதுவிடுதியில் உட்கார்ந்து சொல்கிற விதம் வேறு.

முதலில், நான் எதை இழந்தேன் என்பது. இந்த ஊரில் அது யாருக்கும் தெரியவில்லை. ஒற்றையர் தெரியும். இரட்டையர் தெரியும். அணி ஆட்டம் தெரியும். ஆண்கள் கூட்டுப் போட்டி என்றதும் முகங்கள் சுருங்குகின்றன. ஒரே ஆள் உலகப் போட்டி வாரத்தில் தனியாக ஆடுகிற இரண்டு ஆட்டங்கள், ஒன்று விரைவாட்டம், ஒன்று ஒற்றையர், இரண்டிலும் அவன் பந்தை உருட்டி வீழ்த்திய கட்டைகளைக் கூட்டினால் வருவது. அவ்வளவுதான். எதிலும் முதலாவதாக வராதவன், எதையும் முழுதாகக் கெடுத்துக்கொள்ளாதவன், அவனுக்கென்று உலகம் ஒதுக்கிவைத்திருக்கிற ஒரே பதக்கம். என் அளவெடுத்துச் செய்த பதக்கம் மாமா அது. என்னைப் பற்றி அவ்வளவு நியாயமாக வேறு யாரும் யோசித்ததில்லை. அம்மாவுக்கு இதை விளக்கியபோது அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“கூட்டுன்னா? மலைமேலருந்து தாவிட்டு, அப்புறம் பனியில சறுக்கிக்கிட்டே ஓடுவாங்களே, டீவில வருமே, அதுவா?”

“இல்லம்மா. ரெண்டுமே கட்டைதான்.”

“அப்ப பனி எங்க வருது?”

“பனியே கிடையாதும்மா.”

“பனி இல்லாம என்னடா கூட்டு?”

இதற்குமேல் நான் யாருக்கும் விளக்க முயலவில்லை.

உலகப் போட்டிக்கு நீங்கள் வர வேண்டாம் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், அது என் தவறு. நீங்கள் வந்தீர்கள். தனியாகவா வந்தீர்கள், பேருந்து ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சங்கத்தில் வேலைவெட்டி இல்லாத பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு, தீயணைப்புப் படையின் பெரிய முரசைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு, பெட்டி பெட்டியாகப் பீரும் புகையில் வாட்டிய தொத்திறைச்சியும் அடைத்துக்கொண்டு, ஆஸ்திரியா முழுவதும் பாடிக்கொண்டே ஸ்லோவேனியாவுக்கு வந்து இறங்கினீர்கள், இறங்கியதும் செர்பியர்கள் உட்கார்ந்திருந்த வரிசைதான் வேண்டும் என்று சண்டை பிடித்தீர்கள், அரை மணி நேரத்தில் அதே செர்பியர்களோடு தோளில் கைபோட்டுக்கொண்டு பிளம் சாராயம் குடித்தீர்கள், அவர்கள் மொழியில் ஒரு சொல் தெரியாமல் அவர்கள் தலைவனுடைய வீட்டுக் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னீர்கள். நான் கண்ணாடிக்குப் பின்னால் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேசிய அணியின் சட்டையை முதல்முறையாகப் போட்டிருந்தேன். ஓரம் உறுத்தியது.

உங்கள் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. கூரை உச்சியிலிருந்து தெருவில் நிற்பவனிடம் ஆணி கேட்டுக் கேட்டு வளர்ந்த குரல் அது. அதற்கு மெதுவாக என்று ஒன்று கிடையாது. விரைவாட்டத்தில் எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவரும்போது நீங்கள் “விடாதடா மாப்ளே!” என்று கத்தினீர்கள். அவன் திடுக்கிட்டுப் பந்தை நழுவவிட்டான். நடுவர் நம் பக்கம் மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். நீங்கள் அவர் வாழ்த்துச் சொல்வதாக நினைத்துத் திருப்பிக் கையசைத்தீர்கள். அந்தச் சுற்றில் நான் வெளியேறினேன். ஆனால் கட்டைகள் நிறைய விழுந்திருந்தன. அது எனக்கே அப்போது பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் அணி மேலாளர் வெண்ட்லின் ஐயா, உடம்பெல்லாம் காப்பி வாசனையோடு திரிபவர், அவர்தான் முதுகில் தட்டினார்.

“கூட்டுல நல்ல இடத்துல இருக்கீங்க.”

“எத்தனாவது?”

“அதை யோசிக்காதீங்க. ஒற்றையர் ஆடுங்க. கூட்டு அது தானா வரும்.”

யோசிக்கவில்லை. சொன்னால் கேட்கிறவன் நான். இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஒற்றையரில் நான்கு தடங்களில் மாறி மாறி உருட்ட வேண்டும். முதல் தடத்தைக் கோட்டைவிட்டேன். கை குளிர்ந்திருந்தது. இரண்டாவது தடத்தில் சூடு வந்தது. மூன்றாவதில் நான் ஆடவில்லை, வேறு யாரோ என் தோளை வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆனால் முதல் தடத்தின் ஓட்டை அடைபடவில்லை. நான்காவதின் முடிவுக்கு வரும்போது தெரிந்துவிட்டது, ஒற்றையரில் அடுத்த சுற்றுக்கு எனக்கு வழியில்லை. வெளியே பலகையில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்தது.

கடைசிப் பந்து. சுத்த ஆட்டம், அதாவது விழுந்தவை எழாது, மிச்சம் நிற்பதைத்தான் துடைத்தெடுக்க வேண்டும். அதற்கு முந்தைய பந்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டதால் புதிதாக ஒன்பது கட்டைகளும் கயிற்றில் இறங்கி நின்றன. அவ்வளவு அழகாக. ஒன்பதும் நிற்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு எறிந்தாலும் இரண்டு மூன்று விழும். நான் பந்தைக் கையில் எடுத்தேன். அப்போது.

“மாப்ளே! முடிஞ்சுபோச்சுடா! இடது! இடது கை!”

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் கடைசிப் பந்தை இடக்கையால் எறிவோம். ஜெயித்தவன் எறிந்தால், போதும், உன்னை மேலும் அடிக்க மாட்டேன் என்று அர்த்தம். தோற்றவன் எறிந்தால், வருத்தமில்லை, வா, பீர் குடிக்கலாம் என்று அர்த்தம். நானும் சின்ன வயதிலிருந்து எறிகிறேன். பச்சைமரத்தில் யாராவது கடைசிப் பந்தை வலக்கையால் எறிந்தால் விடுதிக்காரி கெர்லிண்ட் அவனுக்குப் பீர் ஊற்ற மாட்டாள், கேட்டால் குழாய் அடைத்துக்கொண்டது என்பாள். இந்த வழக்கம் ஆல்ட்டன்ரோட்டைத் தவிர உலகில் எங்கும் கிடையாது என்பதை நான் ஸ்லோவேனியாவில் தெரிந்துகொண்டேன்.

ஒரு கணம் நின்றேன். நிஜமாகவே நின்றேன், நீங்கள் இதை விடுதியில் சொல்வதில்லை. உங்கள் பதினொரு பேரும் ஆரம்பித்தார்கள். “இடது! இடது!” முரசு சேர்ந்துகொண்டது. செர்பியர்களுக்கு என்னவென்று தெரியாது, ஆனால் சாராயம் சேர்ந்து குடித்த கடன், அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூடம் முழுவதும் ஒரு சொல். நடுவர் என்னைப் பார்த்தார். பக்கத்துத் தடத்திலிருந்த செக் நாட்டுக்காரன் தன் பந்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் பந்தை இடக்கைக்கு மாற்றினேன்.

அது நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் மனம் மாறியது. பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி, கட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஓரமாகப் போய்விட்டது. பள்ளத்தில் விழும் பந்தை நாம் நாய் என்போம். உலகப் போட்டியில் நான் கடைசியாக விட்டது ஒரு நாய். ஒன்பது கட்டைகளும் அதற்கு வழிவிட்டு நின்றன.

நீங்கள் கைதட்டினீர்கள். செர்பியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வெண்ட்லின் ஐயா காப்பிக் கோப்பையோடு வந்தார்.

“என்னங்க இது?”

“எங்க ஊர் வழக்கம்ங்க.”

“ஓ.”

மாலையில் மறுபடி வந்தார். இந்தமுறை கோப்பை இல்லை.

“கூட்டுல உங்க பேரைப் பாத்தீங்களா?”

“அது தானா வரும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வந்துச்சு. போயிடுச்சு.”

நான்காம் இடம். மூன்றாமவனைவிட ஒரு கட்டை குறைவு. அந்தக் கடைசிப் பந்தில் ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் சமம். சமமானால் சுத்த ஆட்டத்தில் அதிகம் வீழ்த்தியவனுக்குத்தான் இடம், அதில் நான் அவனுக்கு மேலே. ஒன்று, மாமா. காற்றில் ஒன்று ஆடி விழுந்திருந்தால் போதும். பக்கத்துக் கட்டையின் கயிறு உரசி விழுந்திருந்தால் போதும். வலக்கையால் எறிந்திருந்தால் என்று நான் எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை.

மூன்றாமவன் ஹங்கேரிக்காரன், ஜோம்போர் என்று பெயர். மேடையில் பேரைக் கூப்பிட்டார்கள், ஆளைக் காணோம். மறுபடி கூப்பிட்டார்கள். ஊருக்குப் போகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்து சீஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தவனை இறக்கிக் கூட்டிவந்தார்கள். தலை ஈரமாக இருந்தது. பதக்கத்தைப் போட்டார்கள். இறங்கிவந்தவன் என் பக்கத்தில் நின்றான். கழுத்தில் தொங்குவதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹங்கேரிய மொழியிலும் அவனுக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனிலும் எங்கள் பேச்சு நடந்தது.

“அண்ணே, இது எதுக்குக் குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“கூட்டுக்கு.”

“எதையும் எதையும் கூட்டுனாங்க?”

விளக்கினேன். நான்தான் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, “அட, இப்படி ஒண்ணு இருக்கா!” என்று சந்தோஷப்பட்டான். நல்ல பையன். என்னிடம் ஒரு துண்டு ரொட்டி நீட்டினான். அவனை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதற்கும் சேர்த்து உங்கள்மேல்தான் கோபம்.

திரும்பி வந்த பேருந்தில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பாட்டை மற்றவர்களுக்கு விட்டுவிட்டீர்கள். உங்களுக்கும் வருத்தமிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு என் முழங்காலில் தட்டினீர்கள்.

“ஒரு கட்டைதானே, மாப்ள.”

அந்த ‘தானே’. அதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கல்லூரியில் மூன்று வருடம் தத்துவம் படித்தேன், நீங்கள்தான் அதற்குச் சிரித்தீர்கள். ஒரு சொல்லுக்குள் ஒரு மனிதனின் மொத்த உலகமும் இருக்க முடியும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

ஊரில் வரவேற்பு. நான்காம் இடத்துக்கு வரவேற்பு கொடுக்கிற ஊர் நம் ஊர்தான். மேயர் வந்தார். உலக அரங்கில் நம் இளைஞர் பத்துக் கட்டைகளையும் பயமுறுத்தினார் என்று பேசினார். பத்து! பச்சைமரத்தில் நின்றுகொண்டு, நம் தடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு. யாராவது எழுந்து வெளியே போவார்கள் என்று பார்த்தேன். நீங்கள் முதல் ஆளாகக் கைதட்டினீர்கள். அவர் வீட்டுக் கூரை வேலை பாக்கி இருக்கிறது என்று பிறகு அம்மா சொன்னாள்.

மகளிர் அணியினர் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். இடக்கைக்கு மட்டும் ஒரு கையுறை, கம்பளியில் பின்னியது, ஒன்பது சின்னக் கட்டைகள் பூவேலையாக. கெர்லிண்ட்தான் போட்டுவிட்டாள்.

“குளிருக்கு ஆகும்டா. அடுத்த தடவ கை விறைச்சுடக் கூடாதுல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். அன்புக்கு எதிராக ஒருவன் என்ன செய்ய முடியும்? அன்றிலிருந்து என் பெயர் போய்விட்டது. லியன்ஹார்ட் என்று யாரும் கூப்பிடுவதில்லை, ‘இடது’ என்கிறார்கள். தபால்காரர் கையெழுத்து வாங்க வந்தால், “எந்தக் கையால போடுவீங்க?” என்கிறார். தேவாலயத்தில் பாதிரியார் கைகுலுக்கும்போது ஒரு நொடி தயங்குகிறார்.

அடுத்த வாரம் தேசிய அணியைத் தேர்ந்தெடுக்கும் சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த அணிக்குப் பதக்கம் பெற்றவர்கள் அப்படியே, மற்ற இடங்களுக்கு இளைஞர்கள். எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். முப்பதைத் தொட்டவனை மறுபடி கூப்பிட மாட்டார்கள் மாமா. அந்தச் சட்டையை நான் இனிப் போடப்போவதில்லை. நான் இழந்தது ஒரு கட்டை இல்லை. நான் இழந்தது அடுத்த முறை என்கிற ஒன்று.

இதை உங்களிடம் சொல்ல அன்று மாலை பச்சைமரத்துக்கு வந்தேன். நீங்கள் நாற்காலிமேல் ஏறி நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தீர்கள். சட்டம் போட்ட புகைப்படம். நான்தான். உலகப் போட்டி. இடக்கை நீண்டிருக்கிறது, பந்து கையை விட்டு இப்போதுதான் கிளம்பியிருக்கிறது, வாய் அரைச்சிரிப்பில் இருக்கிறது. கீழே ‘நம்ம பையன்’ என்று எழுதியிருந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்காமலே கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

“உலகமே பாக்குதுடா, அங்க போயும் நம்ம வழக்கத்த விட்டுக்குடுக்கல பாரு. நான் ஒரு தடவதான் சொன்னேன். கேட்டான். எத்தன பேர் புள்ளைங்க கேக்குது இந்தக் காலத்துல?”

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். “நேரா இருக்கா மாப்ள?”

நேராக இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்தேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் சொன்னேன்தான், நீ ஏன் கேட்ட என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏன் கேட்டேன்? இரவில் படுத்துக்கொண்டு இடக்கையைத் தூக்கிப் பார்க்கிறேன். அதற்கென்று ஒரு விருப்பமும் இருந்ததில்லை. உங்கள் குரல் கேட்டது, அது எழுந்தது. அவ்வளவுதான். அந்தக் குரல் கேட்காத ஓர் இடத்தில் ஆட விரும்புகிறேன். லிம்பாக்கில் கூரை வேய்பவர்கள் யாரும் சங்கத்தில் இல்லை. விசாரித்துவிட்டேன். ஒரு பல் மருத்துவரும் இரண்டு வங்கிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மெதுவாகப் பேசுகிறவர்கள். அங்கே யாரும் பந்தை எந்தக் கையால் எறிவது என்று இன்னொருவனுக்குச் சொல்வதில்லையாம்.

எனவே கையெழுத்துப் போடுங்கள். அத்தை கையில் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தால் நீங்கள் வாசலில் நின்று ஏதாவது சொல்வீர்கள், நான் கேட்பேன்.

அத்தைக்கு என் வணக்கம். நத்தைகளுக்கு என் சாபம். உங்கள் முழங்காலுக்கு ஆரோக்கியம், உங்கள் தொண்டைக்கு ஓய்வு. நீங்கள் ஏறுகிற கூரைகள் எல்லாம் உங்களைத் தாங்கட்டும். கட்டை நன்றாக விழட்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வரை உங்கள் ஆட்டக்காரனும், அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் உங்கள் மருமகனுமான
லியன்ஹார்ட்

பின்குறிப்பு (திங்கட்கிழமை): உறையில் தபால்தலை ஒட்டிவிட்டேன், பெட்டியில் போடவில்லை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து போடலாம் என்றிருந்தேன். இப்போது மேலே உள்ளதை எல்லாம் வாசித்துப் பார்த்தேன். கிழித்துவிடலாம். ஆனால் இதைக் கிழித்தால் கீழே எழுதப்போவதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். நான் என் ஆட்டத்தை முடித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பார்க்க வந்தேன். கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. நம் பக்கம் ரொட்டிக்கடை ஹார்ட்விக். ஐம்பத்து மூன்று வயதில் முதல் அணியில் முதல் ஆட்டம், மனைவி கடையைச் சாத்திவிட்டுப் பார்க்க வந்திருந்தாள். பாவம், லிம்பாக் பல் மருத்துவர் அவனைத் துவைத்துவிட்டார். கடைசிப் பந்துக்கு முன்பே அவன் தோற்றுவிட்டான். எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

“ஹார்ட்விக்! முடிஞ்சுபோச்சுடா! இடது!”

கூரையிலிருந்து தெருவுக்குக் கேட்கிற குரல். உங்கள் குரல். ஆனால் நீங்கள் பீர் கோப்பையை வாயில் வைத்திருந்தீர்கள். திறந்திருந்தது என் வாய்.

ஹார்ட்விக் சிரித்துக்கொண்டே பந்தைக் கை மாற்றினான். நாய். மனைவி கைதட்டினாள். அதற்குப் பிறகுதான் கெர்லிண்ட் பலகையைக் காட்டினாள். அவன் தன் ஆளிடம் தோற்றது தோற்றதுதான், ஆனால் ஆறு பேர் வீழ்த்தியதையும் கூட்டுவார்கள். கூட்டினார்கள். மூன்று கட்டை குறைவு. அந்த மூன்றும் விழுந்திருந்தால் நாம் இந்தப் பிரிவில் தங்கியிருப்போம். அடுத்த பருவம் கீழ்ப்பிரிவில். உலகத்தில் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நானாக இருந்திருக்க வேண்டும்.

எல்லோரும் திரும்பி உங்களைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. நீங்கள் மட்டும் பார்த்தீர்கள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

“ஆமா, நான்தான் கத்துனேன். என்ன இப்ப?”

கத்தியது நான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட வேண்டாம், மாமா. லிம்பாக்கில் மெதுவாகப் பேசுகிறவர்கள் நடுவே என் குரல் இன்னும் உரக்கக் கேட்கும் என்று தோன்றுகிறது.

ஹார்ட்விக் உங்களோடு பேசுவதில்லை என்று அம்மா சொன்னாள். என்னோடு பேசுகிறான். இன்று காலை கடைக்குப் போனபோது, “நம்ம ரெண்டு பேரையும் கெடுத்தது அந்தாளு வாய்தாண்டா” என்று சொல்லி, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு கறுப்பு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். காசு வேண்டாம் என்றான்.

வாங்கிக்கொண்டேன். நன்றாக இருக்கிறது.